பதினேழாவது அணி

'தரம் நீர்த்துவிட்டது' என்பது நம் காலத்தில் அதிகம் சொல்லப்படும் வாக்கியங்களுள் ஒன்று. கல்லூரிகளில் இடங்கள் கூடும்போதும் பதிப்பகங்கள் பெருகும்போதும் இதழ்கள் பெருகும்போதும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். சொல்பவர் பெரும்பாலும் உண்மையான வருத்தத்தோடுதான் சொல்கிறார். ஆனால் இந்த வாக்கியத்தை நிறுவவும் வழியில்லை, மறுக்கவும் வழியில்லை. 1970-ஆம் ஆண்டு மாணவரின் விடைத்தாளையும் இன்றைய மாணவரின் விடைத்தாளையும் அருகருகே வைத்துப் பார்க்க நம்மிடம் எதுவும் இல்லை. இருப்பது நினைவு மட்டுமே. நினைவோ எப்போதும் பழையவர்கள் பக்கமே சாய்கிறது.

இதை எண்களைக் கொண்டு சோதித்துப் பார்க்கக்கூடிய இடம் ஒன்று உண்டு. அது அமெரிக்காவின் பேஸ்பால். தமிழ் படித்து, தமிழ் கற்பித்துக்கொண்டிருக்கும் எனக்கு அந்த விளையாட்டோடு எவ்வித உறவும் இருக்க நியாயமில்லை. ஸ்டீபன் ஜே கூல்டு என்ற தொல்லுயிரியல் அறிஞர் 1996-இல் வெளியிட்ட 'ஃபுல் ஹவுஸ்' என்ற நூலைப் பரிணாமம் பற்றி அறிந்துகொள்வதற்காகவே எடுத்தேன். நூலின் ஒரு பெரும்பகுதி பேஸ்பாலைப் பற்றியது. அதைத் தாண்டிச் செல்லலாம் என்று நினைத்துப் படிக்கத் தொடங்கியவன் அங்கேயே நின்றுவிட்டேன்.

பேஸ்பாலை அறியாத நண்பர்களுக்காகச் சில வரிகள். கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் போல இங்கே பிட்சர். அவர் எறியும் பந்தை மட்டையாளர் அடித்துவிட்டு முதல் தளத்துக்கு ஓடிச் சேரவேண்டும். அடி பழுதில்லாமல் அமைந்தால் அது ஒரு 'ஹிட்'. பந்து வேலியைத் தாண்டினால் ஹோம் ரன். பத்து வாய்ப்புகளில் மூன்று ஹிட் அடித்தாலே நல்ல மட்டையாளர், அவருடைய சராசரி.300. நான்கு அடித்தால் .400. அந்த எல்லையை ஒரு பருவம் முழுவதற்கும் 1941-இல் பாஸ்டனின் டெட் வில்லியம்ஸ் கடந்தார், அவருடைய சராசரி.406. அதற்குப் பிறகு தேசிய லீக்கிலோ அமெரிக்க லீக்கிலோ ஒருவரும் அதைத் தொடவில்லை. இவ்விரண்டு லீக்குகளும் சேர்ந்ததுதான் மேஜர் லீக். இங்கு ஆடப்படும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கணக்கு இருக்கிறது. அந்த நாட்டில் மற்ற ஆவணங்கள் தொலைந்தாலும் இவை தொலையாது என்று தோன்றும்.

1901 முதல் 1960 வரை இந்த லீக்குகளில் எட்டும் எட்டுமாகப் பதினாறு அணிகளே இருந்தன. அணிக்கு 25 பேர் என்று கொண்டால் 400 இடங்கள். 1961-இல் அமெரிக்க லீக்கில் இரண்டு அணிகள் சேர்ந்தன. 1962-இல் தேசிய லீக்கில் இரண்டு. 1969-இல் ஒரே ஆண்டில் நான்கு. 1977-இல் இரண்டு, 1993-இல் இரண்டு, 1998-இல் இரண்டு. ஆக இன்று 30 அணிகள். 2020 முதல் அணிக்கு 26 பேர் என்று விதி மாறியதால் 780 இடங்கள். அறுபதாண்டுகளில் இடங்கள் ஏறக்குறைய இருமடங்காகிவிட்டன. அப்படியானால் திறமையும் இருமடங்காயிற்றா, அல்லது இருந்த பாலில் தண்ணீர் ஊற்றப்பட்டதா?

இக்கேள்வியை நேரில் ஒரு மனிதர் வாயிலாகக் கேட்கும் வாய்ப்பு 2019-ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் கிடைத்தது. என் அக்கா நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலிலிருந்து நடந்துசெல்லும் தூரத்தில் வசிக்கிறாள். அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் எண்பதை எட்டிய முதியவர். புரூக்ளினில் பிறந்து வளர்ந்தவர். சிறுவயதில் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு எபெட்ஸ் ஃபீல்டு மைதானத்துக்குப் போய் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் ஆட்டங்களைப் பார்த்தவர். 1957-ஆம் ஆண்டுப் பருவத்துக்குப் பின் அந்த அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பெயர்ந்துபோயிற்று. தன் வீட்டில் ஒரு சாவு விழுந்ததைப் போல அவர் அதைச் சொன்னார்.

நானும் அக்கா மகனும் அவரோடு மெட்ஸ் அணியின் ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போனோம். ஆட்டத்தின் பாதியில் ஒரு பிட்சர் அடுத்தடுத்துப் பந்துகளைத் தவறவிட, முதியவர் தலையை ஆட்டிக்கொண்டு, பதினாறு அணிகள் இருந்த காலத்தில் இவன் இந்த வாசலுக்குள் நுழைந்திருக்கவே முடியாது என்றார். அக்கா மகன் என் காதருகே குனிந்து, "மாமா, இங்க எல்லாத் தாத்தாவும் இதையேதான் சொல்வாங்க. நீங்க கண்டுக்காதீங்க" என்றான். என்னால் அப்படி விட முடியவில்லை. ஊரில் கேட்டுப் பழகிய குரல் அது.

முதியவரின் வாதத்தை அதன் முழு வலிமையோடு முதலில் சொல்லிவிட வேண்டும். புதிய அணி ஒன்று பிறக்கும்போது அதற்கு ஆட்டக்காரர்கள் வானத்திலிருந்து வருவதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒவ்வோர் அணியும் தான் இழக்க விரும்பாதவர்களின் பட்டியல் ஒன்றை எழுதிப் பாதுகாத்துக்கொள்ளும். எஞ்சியவர்களிலிருந்து புதிய அணி விலைகொடுத்துப் பொறுக்கிக்கொள்ளலாம். அதாவது, பிறர் வேண்டாம் என்றவர்களைக்கொண்டு கட்டப்படுவதே புதிய அணி. நேற்றுவரை கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் மற்ற இடங்களை நிரப்புவார்கள். குறிப்பாகப் பிட்சர்கள். அந்நாளில் ஓர் அணிக்குப் பத்துப் பிட்சர்கள் தேவை என்றால், இரண்டு அணிகள் சேரும்போது அதுவரை போதாதவர்களாகக் கருதப்பட்ட இருபது பேர் ஒரே நாளில் போதியவர்களாகிவிடுகிறார்கள்.

அதன் பலன் கண்முன்னே தெரிந்தது. 1927-இல் பேப் ரூத் அடித்த 60 ஹோம் ரன்கள் என்ற சாதனை 34 ஆண்டுகள் அசையாமல் நின்றது. முதல் விரிவாக்கம் நடந்த 1961-இலேயே நியூயார்க் யாங்கீஸின் ராஜர் மாரிஸ் 61 அடித்தார். அவருடைய தோழர் மிக்கி மேன்டில் 54 அடித்தார். மறு ஆண்டு பிறந்த நியூயார்க் மெட்ஸ் 40 ஆட்டங்களில் வென்று 120-இல் தோற்றது. மெட்ஸ் தோற்ற அதே ஆண்டில் அதே லீக்கில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் 103 ஆட்டங்களிலும் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் 102 ஆட்டங்களிலும் வென்றன. 1993-இல் ஜயன்ட்ஸ் மறுபடி 103 வென்றும், அட்லான்டா பிரேவ்ஸ் 104 வென்றதால் அடுத்த சுற்றுக்கே போகவில்லை. 1998-இல் யாங்கீஸ் 114 வென்றது. மார்க் மெக்வயர் 70 ஹோம் ரன்களும் சாமி சோசா 66-உம் அடித்தார்கள். புதியவர்கள் வந்த ஆண்டுகளில் வலியவர்கள் மேலும் வலியவர்களாகத் தெரிகிறார்கள். முதியவர் இவற்றையெல்லாம் ஆண்டு தவறாமல் விரல்விட்டுச் சொன்னார்.

கூல்டின் நூல் இங்கேதான் எனக்கு உதவியது. .400 அடிப்பவர்கள் மறைந்தது ஆட்டம் தாழ்ந்ததால் அல்ல, உயர்ந்ததால் என்பது அவர் வாதம். மட்டையாளர்களின் பொதுச் சராசரி நூறாண்டுகளாக .260-ஐச் சுற்றியே நிற்கிறது. மாறியிருப்பது அந்தச் சராசரியின் இருபுறமும் உள்ள விரிவு. மிக மோசமானவர்களும் மிகச் சிறந்தவர்களும் நடுவை நோக்கி நெருங்கிவிட்டார்கள். எல்லோரும் தேர்ந்தவர்களாகும்போது சிறந்தவர் தனித்துத் தெரிவது கடினமாகிவிடுகிறது. மலை தாழவில்லை; சுற்றிலும் நிலம் உயர்ந்துவிட்டது. இதை விரிவாக்கத்துக்குப் பொருத்திப் பார்த்தால், புதிய அணிகள் வரும் ஆண்டில் அடிநிலம் சற்றுத் தாழ்கிறது. உடனே சிகரங்கள் உயரமாகத் தெரிகின்றன. எனவே, தரம் நீர்த்துப்போவதை மோசமான ஆட்டக்காரர்களிடம் தேடுவதைவிடப் புதிய சாதனைகளிடம் தேடுவதே சரி. தண்ணீர் கலந்த ஆண்டுகளே பொற்காலங்களாக நினைவில் நிற்பது அதனால்தான் போலும்.

ஆனால் அந்த எண்களை அப்படியே விரிவாக்கத்தின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. 1961-இல் அமெரிக்க லீக்கின் ஆட்டங்கள் 154-இலிருந்து 162 ஆயின. மாரிஸின் 61-ஆவது ஹோம் ரன் பருவத்தின் கடைசி நாளில் வந்தது. அதே ஆண்டு பிறந்த லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸ் ஆடிய மைதானம் மிகச் சிறியது. அங்கே மட்டும் 248 ஹோம் ரன்கள் அடிக்கப்பட்டன. 1969-இல் பிட்சர் நின்று எறியும் மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. 1977-இல் பந்து செய்துதரும் நிறுவனம் மாறியது. 1993-இல் சேர்ந்த அணிகளுள் ஒன்று கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வர் நகரத்தது. காற்று அடர்த்தி குறைந்த அவ்வூரில் பந்து கூடுதல் தூரம் பறக்கும். 1998-ஐப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. தசை வளர்க்கும் மருந்துகளைப் பயன்படுத்தியதை மெக்வயரே 2010-இல் ஒப்புக்கொண்டார். ஆறு விரிவாக்கங்களில் பெரும்பாலானவற்றோடு இப்படி வேறொரு மாற்றமும் கைகோத்து வந்திருக்கிறது.

அடுத்தது மக்கள்தொகைக் கணக்கு. இதைப் பென்சிலால் போட்டுப் பார்த்தேன். 1900-இல் அமெரிக்காவின் மக்கள்தொகை 7.6 கோடி. பதினாறு அணிகள் என்றால் அணி ஒன்றுக்கு ஏறக்குறைய 47 லட்சம் பேர். 1960-இல் 17.9 கோடி, அணிக்கு 1.12 கோடி. 1970-இல் 20.3 கோடிக்கு 24 அணிகள். அணிக்கு 85 லட்சம். 2020-இல் 33.1 கோடிக்கு 30 அணிகள், அணிக்கு 1.10 கோடி. முதியவரின் பொற்காலம் முடிந்த 1960-இல் இருந்த விகிதமும் இன்றைய விகிதமும் ஏறக்குறைய ஒன்றேதான். பேப் ரூத் ஆடிய காலத்தில் ஓர் அணி இன்றைக்கு இருப்பதைவிடச் சிறிய கூட்டத்திலிருந்துதான் பொறுக்கப்பட்டது. இது முரட்டுக் கணக்கு என்பதை மறுக்கவில்லை. இன்று வலிய உடல்கொண்ட இளைஞர்களைக் கூடைப்பந்தும் அமெரிக்கக் கால்பந்தும் இழுத்துக்கொள்கின்றன. மறுபுறம், இன்றைய ஆட்டக்காரர்களில் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோர் டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா, கியூபா, ஜப்பான் போன்ற நாடுகளில் பிறந்தவர்கள். அவர்கள் பிறந்த நாடுகளின் மக்கள்தொகை என் கணக்கில் சேரவே இல்லை.

ஆனால் இந்தக் கணக்கில் இதைவிடப் பெரிய பிழை ஒன்று ஒளிந்திருக்கிறது. 7.6 கோடி என்று எழுதினேன். அந்த 7.6 கோடிப் பேருக்கும் அன்று கதவு திறந்திருந்ததா? 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கும்வரை, இருபதாம் நூற்றாண்டின் மேஜர் லீக்கில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை. எழுதப்படாத விதி அது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் தன் முதல் கறுப்பின ஆட்டக்காரரைச் சேர்த்துக்கொள்ள 1959 ஆயிற்று. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தங்களுக்கெனத் தனி லீக்குகள் அமைத்து ஆடினார்கள். அவர்கள் யார் என்பது கதவு திறந்தபின் தெரிந்தது. 1949 முதல் 1959 வரை தேசிய லீக்கின் ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரர் விருது 11 முறை வழங்கப்பட்டது. அவற்றுள் 9 கறுப்பின ஆட்டக்காரர்களுக்குப் போயின. ராபின்சன், காம்பனெல்லா, வில்லி மேஸ், நியூகம்ப், ஹாங்க் ஆரன், எர்னி பேங்க்ஸ். புகழ்பெற்ற பிட்சர் சாச்செல் பெய்ஜ் 1948-இல் முதன்முதலாக மேஜர் லீக்கில் அனுமதிக்கப்பட்டபோது அவருக்கு வயது 42. 'புதியவர்' என்று அவரைக் குறித்துக்கொண்டார்கள்.

2020 டிசம்பரில் அந்தத் தனி லீக்குகளும் மேஜர் லீக் தகுதி உடையவையே என்று அறிவிக்கப்பட்டது. 2024 மே மாதம் அவற்றின் எண்கள் அதிகாரபூர்வப் பதிவில் சேர்க்கப்பட்டன. வாழ்நாள் சராசரியில் தலைமுறை தலைமுறையாக முதலிடத்தில் இருந்த டை காபின் .367-ஐ ஜாஷ் கிப்சனின் .372 பின்னுக்குத் தள்ளியது. ஒரே பருவத்தின் உச்சமும் இப்போது கிப்சனுடையதே; 1943-இல் .466. கிப்சன் 1947 ஜனவரியில், ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 35 வயதில் இறந்துபோனார்.

ஆகவே பதினாறு அணிகளின் காலம் தண்ணீர் கலக்காத பால் அல்ல. நாட்டின் மிகச் சிறந்தவர்களில் ஒரு பகுதியினரை வாசலில் நிறுத்திவிட்டு, அவர்களுடைய இடங்களில் வேறு ஆட்களை அமர்த்திய காலம் அது. அந்த நானூறு பேரில் எத்தனை பேர் கதவு மூடியிருந்ததால் மட்டுமே உள்ளே இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நீர்த்தது என்ற சொல் இடங்கள் கூடும்போது மட்டும் நாவில் வருகிறது; கதவு மூடியிருக்கும்போது வருவதில்லை.

இதை எழுதும்போது என் கை சற்று நடுங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஷிப்ட் தொடங்கியபோது சேர்ந்தவர்களில் பெரும்பாலோர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அவர்களுள் இருவர் இன்று என் துறையிலேயே ஆசிரியர்களாக இருக்கிறார்கள். ஆசிரியர் அறையில் மூத்தவர் எவரேனும் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவ்விருவரும் அங்கே அமர்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார்கள். தலை நிமிர்வதில்லை.

சமநிலை என்று பார்த்தாலும் அந்தப் பழைய காலம் நினைவு சொல்வதுபோல இல்லை. 1949 முதல் 1964 வரையிலான 16 ஆண்டுகளில் 14 முறை அமெரிக்க லீக்கை வென்றது யாங்கீஸ். செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் என்ற அணி 1902 முதல் 1953 வரை 52 பருவங்கள் ஆடி லீக்கை ஒரேயொரு முறை, 1944-இல், வென்றது. அந்நாளில் ஆட்டக்காரர் தன்னை எடுத்த அணியை விட்டு விருப்பப்படி விலக முடியாது. அணி விற்றால் மட்டுமே இடம் மாறலாம். இந்தக் கட்டு 1975 டிசம்பரில் வந்த ஒரு நடுவர் தீர்ப்பால்தான் அறுந்தது. திறமையாளர்களை அணிகளுக்கு முறைவைத்துப் பங்கிடும் முறையும் 1965-இல்தான் வந்தது. அணிகள் கூடிய பிறகோ, 2001 முதல் 2023 வரை எந்த அணியும் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் இறுதிக் கோப்பையை வெல்லவில்லை. 2024, 2025 ஆண்டுகளில் டாட்ஜர்ஸ்தான் அதைச் செய்தது. அவ்வணியின் சம்பளப் பட்டியலைப் பார்ப்பவர்கள் அதற்கு வேறு விளக்கம் தேடமாட்டார்கள்.

புதிய அணிகள் என்ன ஆயின? 1962-இல் 120 முறை தோற்ற மெட்ஸ் 1969-இல் கோப்பையை வென்றது. 1993-இல் பிறந்த ஃப்ளோரிடா மார்லின்ஸ் ஐந்தாம் ஆண்டே வென்றது. செலவு தாங்காமல் உரிமையாளர் ஆட்களை விற்றுவிட, மறு ஆண்டே 108 ஆட்டங்களில் தோற்றது. 1998-இல் வந்த அரிசோனா நான்காம் ஆண்டு வென்றது. மாறாக, 1977-இல் வந்த சியாட்டில் மரைனர்ஸ் 2001-இல் 116 ஆட்டங்கள் வென்றும், 2025 வரை ஒருமுறைகூட இறுதித் தொடரை எட்டவில்லை. மெட்ஸின் 120 தோல்விகள் என்ற அவப்பெயரை 2024-இல் முறியடித்து 121 முறை தோற்றது சிகாகோ வைட் சாக்ஸ். அது 1901-இலிருந்து ஆடிவரும் ஆதி அணிகளுள் ஒன்று! பிறந்த ஆண்டு ஓர் அணியின் தலையெழுத்தைச் சில பருவங்களுக்குமேல் எழுதுவதில்லை. அதற்குப்பின் பணமும் நிர்வாகமும் எழுதுகின்றன.

ராஜர் கிரெய்க் என்ற பிட்சரின் வாழ்க்கை இதற்கு நல்ல சான்று. 1955-இல் புரூக்ளின் கோப்பை வென்றபோது அத்தொடரின் ஐந்தாம் ஆட்டத்தை வென்று தந்தவர். விரிவாக்கத்தில் மெட்ஸுக்கு வந்து 1962-இல் 24 ஆட்டங்களிலும் 1963-இல் 22 ஆட்டங்களிலும் தோற்றார். 1964-இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்குப் போய் மீண்டும் கோப்பை வென்ற அணியில் இருந்தார். அதே மனிதர், அதே கை. 24 தோல்விகள் என்ற எண்ணை மட்டும் பார்ப்பவர் அவரையும் 'நுழைந்திருக்கக் கூடாதவர்' என்றே எழுதிவைப்பார்.

விரிவாக்கம் எப்படி வந்தது என்பதையும் சொல்லவேண்டும். டாட்ஜர்ஸும் ஜயன்ட்ஸும் கலிஃபோர்னியாவுக்குப் போய்விட்டபின், 1959-இல் நியூயார்க் வழக்கறிஞர் வில்லியம் ஷே முன்னின்று 'கான்டினென்டல் லீக்' என்ற மூன்றாம் லீக்கை அறிவித்தார். அதற்குத் தலைவராக வந்தவர் பிராஞ்ச் ரிக்கி. ராபின்சனைப் புரூக்ளினுக்குக் கொண்டுவந்த அதே ரிக்கி. அதற்கும் முன்னால், செயின்ட் லூயிஸில் இருந்தபோது, கீழ்நிலை அணிகளை வாங்கி இளைஞர்களை அங்கே வளர்த்தெடுக்கும் முறையை நிலைநாட்டியவரும் அவரே. திறமை என்பது அளந்து வைக்கப்பட்ட ஒரு குடம் தண்ணீர் அல்ல, ஊற்று. தோண்டுகிறவனுக்குச் சுரக்கும் என்பதே அம்மூன்று செயல்களுக்கும் அடியில் ஓடும் நம்பிக்கை என்று நான் படிக்கிறேன். அந்த லீக் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 1960 ஆகஸ்டில், பழைய லீக்குகள் புதிய அணிகளைச் சேர்க்க இசைந்ததும் கலைந்துபோனது. அது அணி அமைக்கத் திட்டமிட்ட எட்டு நகரங்களில் பஃபலோ தவிர்த்த ஏழுக்கும் பிற்காலத்தில் மேஜர் லீக் அணிகள் வாய்த்தன.

மைதானத்தில் முதியவரிடம் ராபின்சனைப் பற்றிக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. அவர் ஓடியதையும், தளத்திலிருந்து தளத்துக்குப் பிட்சரை ஏமாற்றிப் பாய்ந்ததையும் கைகளால் காட்டினார். பதினாறு அணிகளே போதும் என்றவர்களைப் போலத்தானே, அன்று ராபின்சன் வேண்டாம் என்றவர்களும் தரத்தைக் காப்பதாகச் சொல்லியிருப்பார்கள் என்று என் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். "அது வேறு" என்றார் சுருக்கமாக. சிறிது நேரம் கழித்து அவராகவே 1962-ஐப் பற்றிப் பேசினார். நான்கு பருவங்கள் தேசிய லீக் ஆட்டமே இல்லாதிருந்த ஊரில் மெட்ஸ் வந்தபோது வாரம் தவறாமல் போனாராம். அதைவிட மோசமான அணியை வாழ்நாளில் பார்த்ததில்லையாம். அதைவிட மகிழ்ச்சியான கோடையும் வாய்த்ததில்லையாம். அவர் அணிந்திருந்த தொப்பியில் டாட்ஜர்ஸின் நீலமும் ஜயன்ட்ஸின் ஆரஞ்சும் கலந்திருந்தன. மெட்ஸ் தன் நிறங்களை அப்படித்தான் எடுத்துக்கொண்டது. ஆட்டம் முடிந்து வெளியே வந்த வழியில் பெரிய நீல நிற '42' நிற்கிறது. ராபின்சனின் எண். விரிவாக்கத்தில் பிறந்த அணியின் மைதானத்து முகப்பு மண்டபத்துக்கு ராபின்சனின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

முதியவரின் 'வேறு' முழுவதும் தவறல்ல. வெளியே நிறுத்தப்பட்ட மேதைக்குக் கதவு திறப்பதும், சுமாரானவருக்குக் கூடுதல் நாற்காலி போடுவதும் ஒன்றல்ல. இரண்டாவதற்கு விலை உண்டு. அந்த விலையைச் சில ஆண்டுகளுக்கு ரசிகர்கள் கொடுக்கிறார்கள். ஆனால் நாற்காலி போடும் நாளில் யார் மேதை, யார் சுமார் என்று எவருக்கும் தெரிவதில்லை. அது தெரிய ஆடிப்பார்க்க இடம் வேண்டும்.

இப்போது 30 அணிகளை 32 ஆக்குவது பற்றி லீக்கின் ஆணையர் ராப் மான்ஃப்ரெட் பேசிவருகிறார். நடந்தால் 52 புதிய இடங்கள். முதலாண்டில் ஹோம் ரன்கள் கூடும், ஏதோவொரு சாதனை உடையும், தரம் நீர்த்துவிட்டது என்று எழுதுவார்கள். என் கவலை வேறிடத்தில் இருக்கிறது. 2021-இல் மேஜர் லீக் தன்னோடு இணைந்த கீழ்நிலை அணிகளை 160-இலிருந்து 120 ஆகக் குறைத்தது. நாற்பது சிற்றூர்களும் நகரங்களும் தம் அணிகளின் இணைப்பை இழந்தன. 1981-இல் ஆட்டக்காரர்களில் 18 விழுக்காட்டுக்கு மேல் இருந்த அமெரிக்கக் கறுப்பினத்தவர் 2024-இல் ஏறக்குறைய 6 விழுக்காடு. இதற்குக் காரணங்கள் பல. சிறுவர் பேஸ்பால் இன்று பயணச் செலவும் பயிற்சிக் கட்டணமும் கட்டக்கூடிய வீடுகளின் விளையாட்டாகி வருவது அவற்றுள் ஒன்று. மேலே இரண்டு வயல்களைக் கூட்டிக்கொண்டு கீழே நாற்றங்காலைச் சுருக்கினால், நீர்த்துப்போனதற்கு வயலைக் குறை சொல்வதில் பயனில்லை.

அந்த 52 பேரில் பெரும்பாலோர் நாலைந்து பருவங்களில் மறக்கப்படுவார்கள். ராஜர் கிரெய்கைப் போல எங்கோ ஒருவர் 24 முறை தோற்றுவிட்டு, இரண்டாண்டு கழித்து வேறு சட்டையில் கோப்பையோடு நிற்கக்கூடும். அவர் யார் என்று இன்று கேட்டால் எந்தப் பட்டியலும் சொல்லாது. இப்போது அவர் ஏதோ ஒரு சிறுநகரத்தின் கீழ்நிலை அணியில், பாதி காலியான மைதானத்தில் எறிந்துகொண்டிருக்கலாம். அந்த அணி இன்னும் கலைக்கப்படாமல் இருந்தால்.